பெண்முகம் பதித்த பழைய வெண்கலப் பதக்கத்தை எப்படிப் படிப்பது?

ஐரோப்பிய அருங்காட்சியகங்களின் படங்களைப் புரட்டினால் இந்தப் பொருள் அடிக்கடி கண்ணில் படும். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெண்கல வட்டம். ஒரு பக்கம், பக்கவாட்டில் திரும்பிய பெண்முகம். சுற்றிலும் லத்தீன் எழுத்து. மறுபக்கம், புதிர் போல ஒரு காட்சி. படத்தைப் பகிர்பவர்கள் பலரும் "பழைய நாணயம்" என்று எழுதிவிடுகிறார்கள். சிலர் அந்தப் பெண் வாங்கிய விருது என்று நினைக்கிறார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள்கூட, "கேமரா இல்லாத காலத்து போட்டோ" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

எனக்கு இந்தக் கடைசித் தவறுதான் அதிகம் உறுத்துகிறது, ஏனென்றால் அது பாதி உண்மை. முகம் அந்தப் பெண்ணுடையதுதான். ஆனால் அந்த முகத்தைச் சுற்றி இருக்கும் ஒவ்வொன்றும் அவளுடைய குடும்பம் ஊருக்குச் சொல்ல விரும்பிய செய்தி. குடும்பத்தின் கதை தெரியாமல் பார்த்தால் அழகான ஒரு பெண் தெரிவாள், அவ்வளவுதான். கதை தெரிந்து பார்த்தால், யார் யாரை எதிர்த்தார்கள், யார் அதை மூடி மறைத்தார்கள் என்பதெல்லாம் தெரியும். இதை ஒரே ஒரு பதக்கத்தை வைத்து விளக்கப் பார்க்கிறேன். வட இத்தாலியின் மாந்துவா நகரை ஆண்ட கொன்சாகா வம்சத்தில் பிறந்த செசிலியா கொன்சாகாவின் பதக்கம் அது. அதில் பொறித்திருக்கும் ஆண்டு 1447.

காசும் இல்லை, விருதும் இல்லை

நாணயம் என்றால் அதை ஓர் அரசு வெளியிட வேண்டும். இவ்வளவு எடை, இவ்வளவு உலோகம் என்ற உத்தரவாதம் அதில் இருக்க வேண்டும். அதைக் கொடுத்துப் பொருள் வாங்க முடிய வேண்டும். அந்தக் காலத்து வெனிஸ் நகரத் தங்கக்காசான டுகாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எடை சுமார் 3.5 கிராம், குறுக்களவு 2 சென்டிமீட்டர் போல. செசிலியாவின் பதக்கம் சுமார் 8.7 சென்டிமீட்டர். அதில் மதிப்பு எதுவும் குறிக்கப்படவில்லை. எந்தக் கடையிலும் அது செல்லாது.

அது பரிசுப் பதக்கமும் இல்லை. யாரும் எதிலும் ஜெயித்ததற்காகக் கொடுத்ததில்லை. கழுத்தில் தொங்கவிடச் செய்ததும் இல்லை.

அப்படியானால் அது என்ன? நம் ஊரில் பெரியவர் ஒருவருக்கு அறுபது வயது நிறைந்தால் சில குடும்பங்கள் மணிவிழா மலர் போடுவார்கள் இல்லையா? அட்டையில் அவருடைய படம் இருக்கும். உள்ளே அவர் யாருடைய பிள்ளை, எந்த ஊர், என்னென்ன செய்தார் என்ற புகழுரை இருக்கும். அது விற்பனைக்கு வராது. வேண்டியவர்களுக்கும் முக்கியமானவர்களுக்கும் கையில் கொடுப்பார்கள். அதில் சண்டை சச்சரவு எதுவும் இருக்காது; குடும்பம் தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்புகிறதோ அப்படித்தான் இருக்கும். 15-ம் நூற்றாண்டு இத்தாலியில் அந்த வேலையை உலோகத்தில் செய்தது உருவப் பதக்கம். அச்சு இயந்திரம் இத்தாலிக்கு வருவதற்கு முன்பே அது பல பிரதிகளாகச் செய்யப்பட்டு அரண்மனைக்கு அரண்மனை போனது.

இனி வரப்போகும் சொற்கள் சிலவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முகம் இருக்கும் பக்கம் முன்பக்கம். சின்னமோ காட்சியோ இருப்பது பின்பக்கம். விளிம்பை ஒட்டி ஓடும் எழுத்துக்குப் பொறிப்பு என்று பெயர். படிக்கும்போது இந்த மூன்றையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: உருவப் பதக்கத்துக்குப் பண மதிப்பு கிடையாது, போட்டி கிடையாது. ஒருவரைப் பற்றிய செய்தியைப் பரிசாகக் கொடுத்துப் பரப்புவதுதான் அதன் வேலை.

எப்படிச் செய்தார்கள்?

இந்த வகைப் பதக்கத்தைத் தொடங்கிவைத்தவர் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர் பிசனெல்லோ என்ற ஓவியர். 1438-ல் இத்தாலியின் ஃபெராரா நகரில் ஒரு பெரிய திருச்சபை மாநாடு கூடியது. ஓட்டோமான் துருக்கியர் நெருக்கிக்கொண்டிருந்ததால், கான்ஸ்டான்டினோபிளிலிருந்து பைசாந்தியப் பேரரசர் எட்டாம் ஜான் அதற்கு நேரில் வந்தார். மேற்கத்தியத் திருச்சபையோடு சேர்ந்தால் படை உதவி கிடைக்கும் என்பது அவருடைய நம்பிக்கை. கூர்தாடியும் விசித்திரமான உயரத் தொப்பியுமாக வந்த அந்தப் பேரரசரை பிசனெல்லோ வரைந்தார், அப்புறம் வெண்கலத்தில் வார்த்தார். இத்தாலியப் பிரபுக்கள் அப்போது பழைய ரோமானிய நாணயங்களைத் தேடித் தேடிச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். சீசர்களைப் போல நாமும் உலோகத்தில் நிலைக்கலாம் என்ற எண்ணம் அவர்களைச் சட்டென்று பிடித்துக்கொண்டது. முகத்தைப் பக்கவாட்டில் காட்டும் வழக்கமும் அந்த ரோமானியக் காசுகளிலிருந்து வந்ததுதான்.

செய்முறைக்கு வருவோம். முதலில் தட்டையான ஒரு பலகையிலோ கல்லிலோ மெழுகை வைத்து, சிறு கருவிகளால் முகத்தையும் எழுத்தையும் புடைப்பாக உருவாக்குவார்கள். இரண்டு பக்கத்துக்கும் இரண்டு மாதிரிகள். அவற்றை மென்மையான களிமண்ணிலோ மணலிலோ அழுத்தி எடுத்தால் பள்ளமான அச்சு கிடைக்கும். இரண்டு அச்சுகளையும் எதிரெதிரே பொருத்தி, நடுவில் உருக்கிய வெண்கலத்தையோ ஈயத்தையோ ஊற்றுவார்கள். ஆறியபின் பிசிறுகளைச் செதுக்கி, மேற்பரப்புக்குக் கருமையோ பழுப்போ ஏற்றுவார்கள். இதற்கு வார்ப்பு என்று பெயர்.

நாணயம் செய்யும் முறை வேறு. கெட்டியான உலோகத்தில் செதுக்கிய அச்சை வைத்து, மேலே ஓங்கி அடிப்பார்கள். அது அச்சடிப்பு. உள்ளங்கை அகலத்துக்கு, மேடுபள்ளம் ஆழமாக இருக்கும் ஒரு முகத்தை 1440-களில் சுத்தியல் அடியால் கொண்டுவரவே முடியாது. பெரிய அச்சுகளை அழுத்தக்கூடிய திருகு அழுத்தப் பொறிகள் அடுத்த நூற்றாண்டில்தான் வந்தன. ஆக, செசிலியாவின் கழுத்து வளைவில் தெரியும் மென்மை மெழுகிலிருந்து வந்த மென்மை. ஓவியர் ஒருவரின் விரல் அதில் வேலை செய்திருக்கிறது.

முன்பக்கம்: பெண்ணும் அவளைச் சுற்றிய எழுத்தும்

இப்போது பதக்கத்தைக் கிட்டே வைத்துப் பார்ப்போம். தலைமுடியைப் பின்னுக்கு இழுத்துக் கட்டிய இளம்பெண். அகன்ற நெற்றி, மெலிந்த நீண்ட கழுத்து. உடையில் நெருக்கமான மடிப்புகள். அரண்மனைப் பெண்ணுக்கு உரிய உடை அது. நகை என்று சொல்லும்படி பெரிதாக எதுவும் இல்லை. பார்வை நேராக, எதையும் கேட்காத பார்வை.

பொறிப்பு இப்படி ஓடுகிறது: "சிசிலியா விர்கோ, ஃபிலியா யோஹன்னிஸ் ஃபிரான்சிஸ்கி ப்ரிமி மார்க்கியோனிஸ் மாந்துவே." அதாவது, "கன்னி செசிலியா, மாந்துவாவின் முதல் மார்க்விஸான ஜான் ஃபிரான்சிஸின் மகள்." மார்க்விஸ் என்பது கவுன்டுக்கு மேலே, டியூக்குக்குக் கீழே உள்ள பிரபுப் பட்டம்.

எண்ணிப் பாருங்கள். அவளைப் பற்றி இரண்டே செய்திகள். மணமாகாதவள், இன்னாருடைய மகள். மற்ற இடம் முழுக்க அப்பாவுக்கும் அப்பாவின் பட்டத்துக்கும் போய்விட்டது. "முதல்" என்ற சொல்லைக் கவனமாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஒரு நூற்றாண்டுக் கதை இருக்கிறது.

பட்டத்துக்காக ஏங்கிய குடும்பம்

கொன்சாகாக்கள் பிறவி அரசர்கள் கிடையாது. மாந்துவாவை அதற்கு முன் ஆண்டுவந்தது பொனகோல்சி குடும்பம். 1328 ஆகஸ்டில் லூயிஜி கொன்சாகா ஆட்களைத் திரட்டி அவர்களைக் கவிழ்த்துவிட்டு நகரைப் பிடித்தார். அடித்துப் பிடித்த அதிகாரத்தில் எப்போதும் ஒரு பயம் இருக்கும். நேற்று நாம் செய்ததை நாளைக்கு இன்னொருவன் நமக்குச் செய்யலாம். அதனால் தலைமுறைகளாக அவர்கள் தேடியது ஒன்றே ஒன்று: மேலே இருக்கும் ஒருவர் கையால் கிடைக்கும் முறையான பட்டம்.

அது செசிலியாவின் அப்பா ஜான்ஃபிரான்செஸ்கோ காலத்தில் கிடைத்தது. 1433-ல் புனித ரோமானியப் பேரரசர் சிகிஸ்மண்ட் அவரை மார்க்விஸ் ஆக்கினார். சும்மா கிடைக்கவில்லை; 12,000 ஃப்ளோரின் தங்கக்காசுகள் விலை. அதே ஆண்டு மூத்த மகன் லுடோவிகோவுக்கு பேரரசரின் உறவுப் பெண்ணான பிராண்டன்பர்க்கின் பார்பராவை மணமுடித்தார்கள். பட்டமும் சம்பந்தமும் ஒன்றாகவே வந்தன.

இப்படிப்பட்ட வீட்டில் மகள் என்றால் எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு மகளும் ஓர் உடன்படிக்கை. இந்தக் குடும்பத்தின் அடுத்த தலைமுறையில் நடந்ததைச் சொன்னால் இது எவ்வளவு கொடுமையான கணக்கு என்று புரியும். லுடோவிகோவின் மகள் சுசன்னாவை மிலான் ஆட்சியாளர்களான ஸ்ஃபோர்சா வீட்டு வாரிசுக்குக் குழந்தையிலேயே நிச்சயம் செய்தார்கள். வளர வளர அவளுக்கு முதுகில் கூன் தெரிந்தது. உடனே அவளை விலக்கி, தங்கை டொரோதியாவை நிறுத்தினார்கள். அவளுக்கும் கூன் விழுமோ என்ற சந்தேகத்தைக் கிளப்பி இழுத்தடித்து, கடைசியில் ஸ்ஃபோர்சா வாரிசு வேறிடத்தில் பெண் எடுத்தான்.

சுருக்கமாக: கொன்சாகாக்கள் நகரைப் பலத்தால் பிடித்தவர்கள், பட்டத்தைப் பணத்தால் வாங்கியவர்கள். அந்த இரண்டையும் கௌரவமாக மாற்றித்தர திருமணமும் கலையும் அவர்களுக்குத் தேவைப்பட்டன.

திருமணம் வேண்டாம் என்ற மகள்

செசிலியா 1426-ல் பிறந்தாள். மாந்துவா அரண்மனையில் விட்டோரினோ டா ஃபெல்த்ரே என்ற ஆசிரியர் நடத்திய பள்ளி அப்போது இத்தாலி முழுக்கப் பேசப்பட்டது. அரச குடும்பத்துப் பிள்ளைகளோடு ஏழை மாணவர்களையும் சேர்த்து அங்கே பாடம் நடந்தது. செசிலியாவும் அண்ணன் தம்பிகளோடு உட்கார்ந்து லத்தீனும் கிரேக்கமும் படித்தாள். அப்போது இத்தாலியில் கிரேக்கம் தெரிந்த ஆண்களே சொற்பம். சின்னப் பெண்ணாக இருந்த அவள் எழுதிய கிரேக்கத்தைப் பார்த்து, ஃப்ளோரன்ஸின் பெரிய கிரேக்க அறிஞரான அம்புரோஜியோ திராவெர்சாரி வியந்து எழுதியிருக்கிறார்.

அவளை ஊர்பினோ நகரின் வாரிசான ஒத்தந்தோனியோ டா மொன்தெஃபெல்த்ரோவுக்குக் கொடுப்பது என்று ஏற்பாடு. அவள் மறுத்தாள். கன்னியாஸ்திரீ ஆக வேண்டும், படிப்பும் ஜெபமுமாக இருக்க வேண்டும் என்றாள். அப்பா கடுமையாக எதிர்த்தார். விட்டோரினோ அவள் பக்கம் நின்றார். அவருடைய பழைய மாணவரான வெனிஸ்காரர் கிரெகோரியோ கொர்ரெர் அவளுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதி, உலக வாழ்க்கையை விட்டு வரும்படி தூண்டினார். அந்தக் கடிதத்திலேயே, ரோமானியக் கவி வெர்ஜிலைப் படித்தது போதும், இனி பைபிளின் சங்கீதங்களை எடு என்றும் சொல்கிறார். அவளுக்கு ஆதரவாக எழுதியவர்கூட அவள் ஆசையாகப் படித்த கவியை அவளிடமிருந்து பறிக்கத்தான் பார்த்தார். இந்த இடம் எனக்கு மனதை உறுத்தும் இடம்.

1444 ஜூலையில் ஒத்தந்தோனியோ ஊர்பினோவில் சதிகாரர்களால் கொல்லப்பட்டான். செப்டம்பரில் ஜான்ஃபிரான்செஸ்கோ இறந்தார். அடுத்த ஆண்டு, 1445-ல், செசிலியா மாந்துவாவில் புனித கிளாரா சபையின் மடத்தில் சேர்ந்தாள். அது அவளுடைய அம்மா பாவ்லா மலதெஸ்தா முன்பே நிறுவிய மடம். விதவையான பாவ்லாவும் மகளோடு அங்கேயே போய்விட்டார்.

இப்போது மறுபடி பதக்கம்

ஆண்டுகளை ஒன்றாக வைத்துப் பாருங்கள். மடத்துக்குப் போனது 1445. பதக்கத்தில் இருக்கும் ஆண்டு 1447. அதாவது, முக்காடும் முரட்டு அங்கியுமாக இருக்க வேண்டிய பெண்ணை பிசனெல்லோ அரண்மனை உடையில் காட்டியிருக்கிறார். "போட்டோ" என்ற எண்ணம் இங்கேயே உடைந்துவிடுகிறது. மடத்துப் பெண்ணாக இல்லாமல், கொன்சாகா வீட்டு மகளாகவே அவள் வார்க்கப்பட்டிருக்கிறாள்.

பொறிப்பில் அவளுக்குத் துணையாக யார் பெயர்? அவளை எதிர்த்த அப்பாவின் பெயர்தான். அவள் போராடிப் பெற்றது, அந்த எழுத்தில் அப்பாவின் வீட்டுக்குச் சேர்ந்த பெருமையாக மாறிவிட்டது.

இது செசிலியாவோடு நிற்கவில்லை. கிட்டத்தட்ட அதே காலத்தில் பிசனெல்லோ இறந்துபோன ஜான்ஃபிரான்செஸ்கோவுக்கும், புதிய மார்க்விஸான லுடோவிகோவுக்கும், 1446-ல் இறந்த ஆசிரியர் விட்டோரினோவுக்கும் பதக்கங்கள் செய்தார். அப்பாவின் பதக்கத்திலும் அதே "முதல் மார்க்விஸ்" வருகிறது. இந்த லுடோவிகோவும் ஒரு காலத்தில் அப்பாவோடு முறைத்துக்கொண்டு மிலான் பக்கம் போய்ச் சேர்ந்தவர். 1436-ல் அப்பா அவருடைய வாரிசு உரிமையையே பறித்தார். சில ஆண்டுகள் கழித்துத்தான் சமாதானம் ஆனது. அப்படிப்பட்ட மகன் பட்டத்துக்கு வந்தபின், அப்பா, பிள்ளை, மகள், ஆசிரியர் எல்லோரும் சண்டையே போடாத ஒரே குடும்பமாக வெண்கலத்தில் அடுத்தடுத்து வருகிறார்கள். நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: புதிய ஆட்சியாளர் தன் வீட்டைத் தைத்துச் சேர்க்கிறார்.

பின்பக்கம்: ஆடு மாதிரி ஒரு யூனிகார்ன்

பின்பக்கத்தில் பாறை நிலம். மேலே பிறைநிலா. அரை ஆடையோடு ஓர் இளம்பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவளருகே ஒரு யூனிகார்ன், அதாவது நெற்றியில் ஒற்றைக் கொம்புள்ள கற்பனை மிருகம், பணிந்து படுத்திருக்கிறது. அதன் தலையில் அவள் கை.

இன்றைய பொம்மைகளில் வரும் வெள்ளைக் குதிரையை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். பிசனெல்லோவின் யூனிகார்ன் நீளமுடி தொங்கும் ஒரு கிடா. மிருகங்களை உட்கார்ந்து பார்த்து வரைந்தவர் அவர். அவருடைய ஓவியத் தாள்களில் ஆடும் குதிரையும் பறவையும் நிறைய உண்டு. அந்த ரோமக் கற்றைகளில் கண் கண்ட ஆடு தெரிகிறது. அதனால்தான் இல்லாத மிருகம்கூட உண்மையாக இருக்கிறது.

சின்னத்தின் பொருள் அந்தக் காலத்து வாசகருக்குச் சட்டென்று புரியும். யாராலும் அடக்க முடியாத யூனிகார்ன், கன்னிப்பெண்ணிடம் மட்டும் தானாக வந்து படுக்கும் என்பது இடைக்கால நம்பிக்கை. பிறைநிலா, மணம் செய்துகொள்ளாத ரோமானியத் தேவதை டயானாவுக்கு உரியது. ஆக, முன்பக்கத்தில் "கன்னி" என்று எழுத்தில் சொன்னதைப் பின்பக்கம் படத்தில் சொல்கிறது. அவளுடைய கிரேக்கப் படிப்பைப் பற்றி இரண்டு பக்கத்திலும் ஒரு கோடுகூட இல்லை. விட்டோரினோவின் பதக்கத்தில் அவரைக் கணித வல்லுநர், மானுடக் கல்வியின் தந்தை என்று எழுதியவர்கள், அவருடைய மாணவிக்கு அப்படி ஒன்றும் எழுதவில்லை.

அதே காட்சியில் ஒரு கல்தூண் நிற்கிறது. அதில் "ஓவியன் பிசானோவின் படைப்பு" என்றும் ஆண்டும் பொறித்திருக்கிறது. பிசானோ என்பது பிசனெல்லோவேதான். உலோகத்தில் செய்தபோதும் தன்னை ஓவியன் என்றே அவர் கையெழுத்திட்டார்.

ஆண்டையும் அளவையும் எப்படி நம்புவது?

பதக்கத்தில் இருக்கும் ஆண்டை அப்படியே செய்த ஆண்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இத்தாலியின் ரிமினி நகரை ஆண்ட சிகிஸ்மோன்டோ மலதெஸ்தாவும் அவருடைய காதலி இசோத்தாவும் தோன்றும் பல பதக்கங்களில் 1446 என்றே இருக்கும். அது அவர்களுக்கு முக்கியமான ஆண்டு என்பதால் பின்னால் வார்த்தவற்றிலும் அதையே போட்டார்கள். அந்தப் பதக்கங்களைக் கட்டடச் சுவர்களுக்குள் புதைத்துவைக்கும் வழக்கமும் சிகிஸ்மோன்டோவுக்கு இருந்தது.

அளவு இன்னொரு விஷயம். வார்ப்பு முறையில் பழைய பதக்கம் ஒன்றையே மாதிரியாக வைத்துப் புதிய அச்சு எடுக்கலாம். இப்படி வருவது மறுவார்ப்பு. வெண்கலம் ஆறும்போது ஒன்றிரண்டு சதவீதம் சுருங்கும். அதனால் மறுவார்ப்பு மூலத்தைவிடச் சற்றுச் சின்னதாக இருக்கும். எழுத்தின் ஓரமும் முடிக்கற்றையும் மழுங்கியிருக்கும். செசிலியாவின் பதக்கம் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடம், லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் உட்படப் பல இடங்களில் இருக்கிறது. பின்னாளில் வார்த்த பிரதிகளும் ஏராளம். ஏலத்தில் ஒன்று வந்தால், விவரம் தெரிந்தவர்கள் முதலில் அளவுகோலைத்தான் எடுப்பார்கள்.

அதே வீட்டுக்கு வந்த இன்னொரு பெண்

செசிலியா 1451-ல் மடத்திலேயே இறந்தாள், 25 வயதில். அரை நூற்றாண்டு கழித்து அதே கொன்சாகா வீட்டிலிருந்து இன்னொரு பெண் பதக்கம் வருகிறது. ஃபெராராவின் எஸ்தே குடும்பத்தில் பிறந்து, 1490-ல் லுடோவிகோவின் பேரன் இரண்டாம் ஃபிரான்செஸ்கோவை மணந்த இசபெல்லா தெஸ்தே. 1498-ல் சிற்பி ஜான் கிறிஸ்தோஃபோரோ ரொமானோவைக் கொண்டு தன் பதக்கத்தை அவர் தானே செய்வித்தார்.

இதன் முன்பக்கப் பொறிப்பில் அப்பா பெயர் இல்லை, கணவர் பெயரும் இல்லை. எஸ்தே வீட்டு இசபெல்லா, மாந்துவாவின் மார்க்விஸ் அரசி என்று பிறந்த வீடும் சொந்தப் பட்டமும்தான் இருக்கின்றன. பின்பக்கத்தில் சிறகுள்ள ஒரு பெண், எதிரே ஒரு பாம்பு, மேலே தனுசு ராசியின் வில்லாளி. கூடவே, இது தகுதியுடையவர்களுக்காக என்ற பொருளில் ஒரு வாசகம். தன்னைப் புகழ்ந்த கவிஞர்களுக்கும் வேண்டியவர்களுக்கும் அதை அனுப்பிவைத்தார். தனக்கென்று தங்கத்தில் ஒன்று வார்க்கச் செய்து, சுற்றிலும் சட்டம் போட்டு, அதில் தன் பெயரின் எழுத்துகளை வைரத்தால் பதித்துக்கொண்டார். அந்தத் தங்கப் பதக்கம் இன்று வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.